பரிசுக் குதிரைகள்

ஞம்சுரேனின் பட்டியில் மூன்று குதிரைகள்
அவனுடையவை அல்ல.

வடக்கு அதிபர்
செம்பழுப்பின் பிடரி தடவிப் பெயர் வைத்தார்.
தெற்கத்தியர் வெள்ளைக்கு.
கடல் தாண்டி வந்தவர்
கறுப்பைத் தொட்டுவிட்டு விரல் துடைத்துக்கொண்டார்.

வாங்கியவர் யாரும் கொண்டுபோகவில்லை.
இங்கேயே மேயட்டும் என்பது மரபு.

மார்ச். பனி கல்லாய் இறுகிவிட்டது.
டீசல் வடக்கிலிருந்து வரவேண்டும்.
நிலக்கரி லாரிகள் தெற்கு எல்லையில் நிற்கின்றன.
வைக்கோல் இரண்டு கட்டு.
எதற்கு முதலில் உதறினாலும்
மற்ற இரண்டும் தலை தூக்கிப் பார்க்கின்றன.
இருட்டிய பிறகு போடப் பழகிக்கொண்டான்.

உலான்பாத்தரிலிருந்து அழைப்பு:
அமைச்சர் நாளை தெற்கே போகிறார்,
வெள்ளையின் படம் உடனே வேண்டும்.

விலா எலும்பை எண்ணலாம்.
"முகத்தை மட்டும் எடு" என்றாள் ஒயுன்கெரெல்,
பிடரியில் ஒட்டிய பனியை
நகத்தால் சுரண்டியபடி.