பிடித்தம்

காகிதப்பட்டறை, இரண்டாவது சந்து, தகரக் கொட்டகை.
சித்திரை வெயிலிலும் ஃபேன் கிடையாது,
ஃபாரம் பறக்கும்.

இந்த வாரம் வந்தது பதினாறு பக்கச் சின்னப் புத்தகம்.
ஆயிரம் மடித்தால் எழுபது ரூபாய்.
தேசம்மாதான் முதலில் பார்த்தாள்:
நடுப்பக்கத்தில், கட்டம் கட்டமாய்,
பைண்டிங் கூலி, ஊர்வாரியாக.
இடப்பக்கம் ஊர்கள், வலப்பக்கம் ரூபாய்,
நடுவில் நாங்கள் அடிக்கப்போகும் பின்.

நிறுத்திப் படிக்க முடியாது. ஒரு மடிப்புக்கு ஒரு வரி.
முதல் தாளில் 'நாளொன்றுக்கு',
அடுத்ததில் 'எட்டு மணி நேரம்',
இருபதாவது தாளில்தான் சென்னையின் ரூபாய்.
தேசம்மா விரல்விட்டுக் கூட்டினாள்,
மறுபடி கூட்டினாள்,
பிறகு பின் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சிவகாசிக்கு நட்சத்திரக் குறி, அடியில் பொடி எழுத்து.
வேலூர்?
'இதர நகரங்கள்'ல இருக்கும் பாரு என்றாள் மெஹருன்.

நான் ஒரு தாளைக் கோணலாய் மடித்தேன்,
வேண்டுமென்றே.
வேஸ்ட் தாளை யார் எண்ணப் போகிறார்கள்?

சனிக்கிழமை முனிரத்தினம் கொடுத்த கவரின் மேல்
பென்சிலில் எழுதியிருந்தது:
வேஸ்ட் 1, பிடித்தம் ரூ. 3.

ஆற்காடு பஸ்ஸில் ஜாக்கெட்டிலிருந்து எடுத்து விரித்தேன்.
கட்டிங் படாத தாள், பாதிப் பக்கங்கள் தலைகீழ்.
ஜன்னல் காற்று பிடுங்கியது.
மெஹருன் முக்காட்டு ஊசியைக் கழற்றி
முன்சீட்டு ரெக்சினில் அதைக் குத்தி நிறுத்தினாள்.
மூன்று தலைகள், ஒரு தாள்.

மேல்விஷாரம் வருவதற்குள்
வேலூரைக் கண்டுபிடிக்க வேண்டும்.
அங்கே அவள் இறங்கிவிடுவாள்,
ஊசியோடு.