இருபது வாட் பசி

லீபெருக்கு மூன்று மணிக்குப் பசிக்கும்.
அந்த நேரத்துக்கு வேண்டியதெல்லாம்
அவன் வாய் எனக்குத் தெரிகிற,
அவனுக்கு எதுவும் தெரியாத
ஒரு வெளிச்சம்.
அதற்காகத்தான் வாங்கினோம்
ஞாயிற்றுச் சந்தையில் இந்த இரட்டைக்கை விளக்கை,
கம்பி நடுவே டிம்மர் கோத்தது,
பேரம்கூடப் பேசாமல்.

பாதி வரைக்கும் ஒழுங்காகத் தாழ்கிறது.
அதற்குக் கீழே போனால்
டப்பாவில் மாட்டிய வண்டாய் ஓர் இரைச்சல்,
பிறகு வெட்டி வெட்டித் துடிக்கிறது.
பால் குடிப்பதை விட்டுவிட்டு
அதையே பார்க்கிறான். சிரிக்கிறான்.
மூன்று மணிக்கு ஒருவன் சிரித்துவிட்டால்
ஐந்து வரை எனக்குத் தூக்கமில்லை.

லிஃப்ட்தான் காரணம் என்றான் வில்மார்.
நாலாம் மாடியில் குடியிருப்பவனுக்கு
எல்லாவற்றுக்கும் லிஃப்ட்தான் காரணம்.
மின்கட்டண ரசீதின் முதுகில் இரண்டு பத்தி போட்டான்:
லிஃப்ட் ஏறிய நேரம்,
விளக்கு துடித்த நேரம்.
மூன்று இரவு எழுதினான், மாத்தே ஆறிப்போக.
பத்திகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை.
ஐந்தாம் மாடிக்காரர் எத்தனை மணிக்கு
வீடு திரும்புகிறார் என்பது மட்டும் தெரியவந்தது.
அதை நாங்கள் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சமையலறையில் செருகினேன்: துடித்தது.
குளியலறை வாசலில்: துடித்தது.
ஆக, சுவர் நிரபராதி.
பல்புகளை இறுக்கினேன்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
நகவெட்டி முனையால் டிம்மரின் மூடியைத் திறந்தேன்.
ஒரு திருகு சோபாவுக்கடியில் ஓடிப்போனது.
உள்ளே கருகல் இல்லை, தளர்ந்த கம்பி இல்லை,
யார் வீட்டு நாயின் முடியோ கொஞ்சம்.

மறுநாள் தெற்கிலிருந்து பம்பேரோ காற்று.
ஜூலை மாதத்தில் மொந்தெவிதேயோவில்
குடை ஒரு வீண் செலவு.
பிள்ளையைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தானிட்டு
தெருமுனை மின்சாமான் கடைக்குப் போனேன்.
சுல்மா விளக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.
"என்ன பல்பு?"
எல்இடி. நாலு வாட். இரண்டு.
டிம்மரைப் புரட்டி அதன் வயிற்றைக் காட்டினாள்:
தேய்ந்த எழுத்தில், இருபது முதல் நூறு வாட்.
"பெருந்தீனிக்காரர்களுக்குப் பரிமாறியே பழகியது இது.
உன் பல்பு ரெண்டும் கொறிக்கிறதுகள்.
யாருமே சாப்பிடவில்லை என்று நினைத்து
தட்டை எடுத்துவிடுகிறது.
அப்புறம் சந்தேகம் வந்து திரும்ப வைக்கிறது."
பழைய இழைபல்பு ஒன்று கலந்து போட்டால் அடங்கும்,
ஆனால் கையிருப்பு இல்லை என்றாள்.
புது டிம்மரின் விலை சொன்னாள்.
மாதம் இருபத்தெட்டாம் தேதி.
என் மார்பில் லீபெர் தும்மினான்.

அன்று மாலை வில்மார் கீரை பாஸ்குவலினா சுட்டான்.
மேல்மாவு சிவந்துவிட்டதா என்று
கண்ணாடிக் கதவருகே குனிந்தவள்
அப்படியே நின்றுவிட்டேன்.
அவனின் பின்சுவரில், புகை படிந்து, பேரிக்காய் அளவில்
மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது
இருபத்தைந்து வாட்.
அதே சின்னத் திருகுவாய்.

சூடு ஆறக் காத்திருந்தது மட்டும்தான் கஷ்டம்.

இப்போது ஒரு கையில் கொறிப்பவர்,
மறு கையில் பெருந்தீனிக்காரர்.
தாழ்த்துகிறேன்.
பாதி. கால். அதற்கும் கீழே.
இழை மருதாணி நிறத்துக்கு இறங்கி
அங்கேயே நிற்கிறது.
காதை வைத்தால் வண்டு இன்னும் இருக்கிறது.
அறையெங்கும் லேசாய்த் தீய்ந்த பாலாடைக்கட்டி வாசம்.
நேற்றுவரை அப்பத்தைக் காவல் காத்த வெளிச்சத்தில்
கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சுகிறான் லீபெர்,
நாலே கிலோ உடம்பு,
குறைந்தபட்சம் என்ற பேச்சே இல்லாத பசி.

வில்மார் இப்போதெல்லாம்
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு அவன் முன் மண்டியிடுகிறான்.
ஏதோ சொல்கிறான்.
வெந்தது என்கிறானா, வேகவில்லை என்கிறானா,
புரிவதில்லை.

சோபாவுக்கடியில் போன திருகு
இன்னும் கிடைக்கவில்லை.