மூன்று அங்குலம்

வண்டியை மூன்று அங்குலம் உயர்த்தினது நான்தான்.
பனிக்காக. மாட்டுப்பாதைக்காக.
மலைமேல் தனியாயிருந்து
காலை ஊசிக்குச் சட்டைக்கையை மடித்து வைத்திருக்கும்
கெர்பர் கிழவனின் முற்றத்துக்காக.
சுருள்வில் புதிது, ரயர் புதிது.
பிறேக் குழாய் மட்டும் பழைய நீளத்தில்
ஒன்றும் சொல்லாமல் கிடந்தது.

சொன்னது மெற்றில்டா.
அதுவும் வாயால் இல்லை.
சீட்டுக் காசால் நாலு மாதமாய் எங்களுக்குள் கதையில்லை.
சீட்டை எடுத்தவள் நான். மிச்சத்தைக் கட்டாமல்
வண்டியை உயர்த்தினவளும் நான்.
ஆனாலும் ஒற்றைக் கிழமை எனக்கு மலைச்சுற்று,
இரட்டைக் கிழமை அவளுக்கு,
இரண்டு பேருக்கும் இந்த ஒரு வண்டி.
திங்கள் காலை சுக்கானில் மஞ்சள் துண்டு ஒட்டியிருந்தது:
"பிறேக் பஞ்சு மாதிரி.
கெர்பரின் எருக்கும்பி மட்டும் போய்த்தான் நிண்டது."
கையெழுத்திலும் முறைப்பு.

லங்னாவில், இல்பிஸ் ஆற்றங்கரையில்
மணிக்குப் பன்னிரண்டு பிராங் வாடகைக் கராஜ்.
சூடேற்றி இல்லை.
பின்னச்சைத் தொங்கவிட்டு, மட்டையை விரித்து, படுத்துப் பார்த்தேன்.
றப்பர் குழாய்
கொடி கட்டினவன் கடைசி முடிச்சை இழுத்ததுபோல் விறைத்து நின்றது.
கழுத்தில் வெடிப்பு. நகத்தால் கீற
உள்நூல் தெரிந்தது.
இதை நம்பித்தானா
இத்தனை இறக்கமும் இறங்கினேன்?

நட்டு அசையவில்லை.
ஏழு மாரியின் வீதியுப்பு அதற்குள்.
எண்ணெய் விட்டு, தேத்தண்ணி குடித்து, திரும்பவும் விட்டு,
கடைசியில் ஒரு தூஷணத்துக்குத்தான் இளகியது.

புதுக்குழாய் மூன்று: முன்னுக்கு இரண்டு, பின்னச்சுக்கு ஒன்று.
உருக்குக் கம்பிப் பின்னல்,
பள்ளிக்கூடப் பின்னலைவிட இறுக்கம்.
செப்பு வளையமும் புதிதாய்ப் போடவேணும்.
பழசு ஒருக்கால் நசிந்தது,
இன்னொருக்கால் நசிய அதில் இடமில்லை.

இவ்வளவும் ஒருத்தி செய்யலாம்.
காற்றெடுக்க மட்டும் இரண்டு பேர் வேணும்.
எழுதினேன். வந்தாள்.
வணக்கமும் இல்லை, ஏறி இருந்தாள்.

அமத்து.
அமத்திப்போட்டன்.
பிடி.
பிடிச்சிருக்கிறன்.
நான் திறக்க, கண்ணாடிபோன்ற குழாயால்
ஆறின தேத்தண்ணி நிறத்தில் வந்தது,
குமிழ், பிறகு குமிழ், பிறகு ஒரு பெரிய குமிழ்.
பூட்டிப்போட்டன். விடு.

பின்வலம், பின்னிடம், முன்வலம்.
இடுப்புக்குக் கீழே குளிர் ஏறியது.
எத்தனையாவது தடவையோ,
பூட்டமுதல் 'விடு' என்று சொல்லிவிட்டேன்.
காற்று உள்ளே போனது.
"உனக்கு எப்பவும் அவசரம்" என்றாள் மேலிருந்து.
அது பிறேக்கைப் பற்றியதில்லை.
"ஓம்" என்றேன் கீழிருந்து.
திரும்ப முதலிலிருந்து.

ஒரு மணித்தியாலம் கழித்துத்தான்
குமிழில்லாத தேன்நிறம்.
சுக்கானை இந்தப் பக்கம் முட்ட, அந்தப் பக்கம் முட்டத் திருப்பினாள்.
எங்கும் உரசல் இல்லை.
சில்லு முழுக்கத் தொங்கியும்
குழாயில் நாலு விரல் தொய்வு மிச்சம்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றாள் மிதியில் காலை ஊன்றி.
அதே மூச்சில், "நாலாயிரத்து இருநூறு."
"மாசம் முந்நூறு தாறன்."
"ஐந்நூறு."
நான் நட்டை இன்னொருக்கால் இறுக்கிப் பார்த்தேன்.
அது முன்பே இறுகித்தான் இருந்தது.

அழுக்கெண்ணெய் நிறைந்த செர்ரி ஜாம் போத்தலில்
'குடியாதே' என்று தமிழிலும் டொச்சிலும் எழுதினாள்.
திகதியும் போட்டாள்.
பிறகு திறப்பை எடுத்துக்கொண்டு
வண்டியை வெளியே விட்டாள்.

வாசலில் நின்று பார்த்தேன்.
பாலத்தடியில்
ஒருவரும் குறுக்கே வராத இடத்தில்
நிறுத்தினாள். பனியெல்லாம் சிவப்பு.
கொஞ்சம் உருட்டினாள்.
திரும்பவும் நிறுத்தினாள்.