பதினைந்தேகால்

கோத்தகிரி டிஸ்பென்சரியிலிருந்து வந்த தகர டப்பா.
எங்கள் கம்பெனி லேபிள்தான்.
உள்ளே மாத்திரைகளுக்குத் தேமல் விழுந்திருந்தது.
ஜோகி ஒரு சீட்டும் வைத்திருந்தார்:
"ஈறில் ரத்தம் என்று தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு
இதைத்தான் கொடுக்கிறேன். கொடுக்கலாமா?"

குன்னூரில் அன்று மூன்றாம் நாள் மழை.
பெரிய மெஷின் படுத்துவிட்டது.
சரிசெய்ய வேண்டியவர் பர்லியாறில்
சரிந்த மண்ணுக்கு அந்தப் பக்கம்
டீ குடித்துக்கொண்டிருக்கிறார்.
ஆக, பியூரெட்.

இருபது மாத்திரையை எடைபோட்டு இடித்தேன்.
கொதித்து ஆறிய தண்ணீர். பச்சைத் தண்ணீரில்
காற்று ஒளிந்திருக்கும், நான் திரும்புமுன் தின்றுவிடும்.
கொஞ்சம் அமிலம். கொஞ்சம் கஞ்சி,
சேலைக்குப் போடுகிற அதே கஞ்சிதான், இன்னும் நீர்க்க.
பிறகு அயோடின், சொட்டுச் சொட்டாக.

விழுந்த இடத்தில் நீலம் முளைக்கும்.
குலுக்கினால் இல்லை.
முளைக்கும். இல்லை.
உள்ளே யாரோ இன்னும்
"இருக்கிறது, எடுத்துக்கொள்" என்கிறார்கள்.
அவர்கள் கை வறண்ட பிறகே நீலம் நிற்கும்.
முப்பது எண்ண வேண்டும்.
பதினெட்டில் கரைந்தது. இன்னும் அரைச் சொட்டு.

பதினேழு மில்லி குடித்திருக்க வேண்டியது
பதினைந்தேகாலில் போதும் என்றது.

மானேஜர் சாமிதாஸ் எட்டிப் பார்த்தார்.
"குளிர்ல கை நடுங்கியிருக்கும். இன்னொரு தரம் பாரும்மா."
பார்த்தேன். பதினைந்து புள்ளி மூன்று.
மறுபடி பதினைந்தேகால்.

ஐந்நூறு என்று அச்சடித்த ஒவ்வொன்றிலும்
ஐம்பது மில்லிகிராமுக்கு மேல் காணோம்.
யாரும் திருடவில்லை.
துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை.
ஒரு வாய்க்குள் போய்ச் செய்ய வேண்டியதை
மூடி சரியில்லாத டப்பாவுக்குள்
மலைக்காற்றுக்குச் செய்து முடித்துவிட்டது.
குறை சொல்ல எனக்கு மனசில்லை.
குறைவு என்று எழுதினேன்.

"தொண்ணூறுக்குப் பக்கம்தானே?"
பக்கம்தான் சார்.
பர்லியாறும் குன்னூருக்குப் பக்கம்தான்.

ஜோகிக்குப் போன் போட்டேன்.
விஷம் ஒன்றுமில்லை, ஆனால்
ஐந்நூறு என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்.
"புது டப்பா வரும்வரை?"
மழைச் சத்தம் இரண்டு பக்கமும்.
"சந்தையில் நெல்லிக்காய் வந்திருக்கு" என்றார் அவரே,
"அதில் எவ்வளவு இருக்கும்?"
நான் அளந்ததில்லை என்றேன்.

ஒரு குடுவையைக் கழுவ மறந்துவிட்டேன்.
காலையில் நீலம் வெளுத்து
ஒன்றுமே நடக்காத தண்ணீர்போல இருந்தது.
பதிவேட்டில் இருக்கிறது,
பேனாவில்.