நண்டலாறு சோதனைச்சாவடி

"செவப்பாக்கா, வெள்ளையா?"
காரைக்கால் கடைப்பையன் கேட்கிறான்.
புடவைக்கடையில் கேட்டிருந்தால்
பதில் வைத்திருப்பேன்.

நாளை கிறிஸ்துமஸ்.
பிலோமினாவைக் கட்டப்போகிறவன் வீட்டார்
மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.
மாமனார், பாரீசில்
இருபது வருடம் தபால் பிரித்தவர்.
ஒயினை மூக்காலேயே வாசிப்பாராம்.

திராட்சைக்குலை படம் போட்டதைவிட
கோட்டை படம் போட்டது
முந்நூறு ரூபாய் கூடுதல்.
கோட்டையை எடுத்தேன்.
சிவப்பு.

சாவடியில் ஸ்கூட்டியை ஓரங்கட்டச் சொன்ன ஏட்டு
புட்டியை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.
பதினோரு வருடமாக
ஊரார் புட்டிகளைப் படித்த கண்.
"ஒண்ணுதானா?"
"ஒண்ணுதான் சார். விருந்துக்கு."
"என்ன சமையல்?"
"நண்டுக் கொழம்பு."
உதட்டைப் பிதுக்கினார்.
"நண்டுக்கு வெள்ளைதாம்மா சேரும்.
மாத்திட்டு வாங்க."
"வித்தத மாத்த மாட்டாங்க சார்."
பின்னால் மீன்வண்டி ஆரன் அடித்தது.
புட்டியைப் பைக்குள்
படுக்கவைத்துத் தந்தார்,
பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல.
"அப்ப கொழம்ப மாத்துங்க."

பொறையாறு கடைத்தெருவில்
ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி.
முன்னங்கால், எலும்போடு.

வீட்டில், அன்னக்கூடைக்கடியில்
பிறாண்டிக்கொண்டிருந்த பன்னிரண்டு நண்டுக்கும்
ஒருநாள் ஆயுள் கூடியது.