அரை டம்ளர்

குழாய் இனாயத்துடையது, கம்பி என்னுடையது.
இரண்டும் சேருமிடத்தில் ஒரு பித்தளை வால்வு,
தலையில் குட்டி மோட்டாரோடு,
யார் வேலை என்று முடிவாகாமல்
சத்துவாச்சாரி மூன்றாம் மாடிச் சமையலறையில்
அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது.

எப்சிபா சிஸ்டர் நைட் டியூட்டி முடித்து வந்திருந்தார்.
ராத்திரி முழுக்கச் சொட்டு எண்ணிய கண்கள்.
போன மாதம் அவர் அங்கே
நிமிடத்துக்கு இருபது சொட்டு என்று திருகிக்கொண்டிருந்தபோது
இங்கே வாஷிங் மெஷின் டியூப் பிடுங்கிக்கொண்டது.
நான்கு நாளுக்கொருமுறை வரும் தண்ணீரும்
லாரிக்காரனுக்குக் கொடுத்த ஆயிரத்து ஐநூறும்
கீழ்வீட்டு மின்விசிறி வழியாக இறங்கியது.
பூங்காவனம் தூக்கத்தில்
மழை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாராம்,
இரண்டு நிமிடம்.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைக் கேலி செய்ய
ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள்.
தண்ணியில்லாத ஆறு என்று தொடங்கும்.
மீதியை நான் சொல்வதில்லை.
அந்த ஊரில் தண்ணீரை நிறுத்த ஒரு மெஷின்.
"வராத விருந்தாளிக்கு வாசல்ல பூட்டு"
என்று சிரித்தார் இனாயத்.

சிரித்துக்கொண்டே ஒழுங்காகச் செய்தார்.
மாடித் தொட்டியை அடைத்து, குழாயைக் காலி செய்து,
முதலில் வடிகட்டி, அதற்குப் பிறகுதான் வால்வு.
எங்கள் போர் தண்ணீரின் உப்பு கல்லாகும்,
உள்ளே உருளும் உருண்டையைக் கவ்விக்கொள்ளும்.
அம்புக்குறி தண்ணீர் போகிற பக்கம்.
இரண்டு முனையிலும் யூனியன், நாளைக்குக் கழற்ற வேண்டுமே.
மோட்டார் மேலே இருக்கட்டும் என்றேன்;
கசிந்தால் அதன்மேல் சொட்டக் கூடாது.
என் பங்கு பன்னிரண்டு வோல்ட்.
ஈரத்துக்குப் பக்கத்தில்
அதற்கு மேல் நான் கொண்டுபோவதில்லை.
அடாப்டர் தள்ளி ஹாலில், கூடவே ஒரு பேட்டரி.
அதுவும் தீர்ந்துபோனால், என்று கேட்டார் சிஸ்டர்.
அப்போதும் இந்தக் குமிழ் கைக்குத் திரும்பும்.
திருகிப் பாருங்கள்.
திருகினார்.
அவர் விரல்களுக்குத் தெரிந்த வேலை.

சென்சாரை மெஷினுக்கு அடியில் வைத்தோம்.
இனாயத் ஒரு டம்ளர் மொண்டு
கால் டம்ளரைத் தரையில் சாய்த்தார்.
மோட்டார் முனகியது,
அவசரமில்லாமல் மூடியது, குழாய் அதிரவில்லை.
சிஸ்டரின் போனில் சிவப்பு விளக்கு.
பிரசவம் பார்த்தவர்கள்போல நின்றோம்.

கீழேயிருந்து குரல்:
"யாரும்மா மேல? தலையில ஷாம்பு போட்டிருக்கேன்!"

சுவருக்குள் எது எங்கே பிரிகிறது என்று
கட்டினவருக்கே ஞாபகமிருக்காது.
நாங்கள் அடைத்தது கிளையை அல்ல,
இரண்டு வீட்டுக்கும் பொதுவான தண்டை.
தலையில் துண்டோடு படியேறி வந்த பூங்காவனம்
கண்ணில் நுரை எரிய,
கூரைக் கறைக்கு இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை என்பதையும்
சேர்த்தே சொன்னார்.
நியாயம்தான்.
அன்றைக்கு வெள்ளம், இன்றைக்கு வறட்சி,
இரண்டும் ஒரே வீட்டிலிருந்து.

குமிழைத் திறந்துவிட்டு
அவர் குளித்து முடிக்கும்வரை காத்திருந்தோம்.
பிறகு கழற்றினோம்.
யூனியன் வைத்ததற்கு
இனாயத் தன்னையே பாராட்டிக்கொண்டார்.
எடுத்த இடத்தில் ஒரு துண்டுக் குழாய்,
கிளை பிரிந்து ஓரடி தள்ளி வால்வு.
இந்த முறை நான் கீழே போய்
பூங்காவனத்தின் குழாயடியில் நின்றேன்.
மேலே இன்னொரு கால் டம்ளர்.
கீழே தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது.
"இதை அப்பவே கேட்டிருக்கலாம்ல?" என்றார்.
கேட்டிருக்கலாம்.

புறப்படும்போது சிஸ்டரிடம் சொன்னேன்:
மாதம் ஒருமுறை மூடித் திறந்து வையுங்கள்,
சும்மா இருந்தால் உப்பு பிடிக்கும்.
"படுத்தே கெடக்கிறவங்களுக்குக்
கால மடக்கி நீட்டி விடுவோமே, அது மாதிரியா?"
அது மாதிரிதான்.

டம்ளரில் பாதி மிச்சமிருந்தது.
இனாயத் அதைச் சிங்க்கில் கொட்டவில்லை.
அண்ணாந்து குடித்துவிட்டு
"உப்பு" என்றார்,
டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.