பதினைந்து விநாடிக்கு ஒரு கோடு

ஒத்தக்கடை. ஐந்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு.
கடைசி பெஞ்சில் எனக்கு இடம் ஒதுக்கிய பாக்கியசீலி டீச்சர்
விரல் நீட்டவில்லை, தாடையால் காட்டினார்:
"அந்தா, செருப்பக் கழட்டிக் கையில மாட்டியிருக்கான் பாருங்க."

சோலைராசு.

அவனோடு ஒப்பிட ஒரு சாதாரணப் பிள்ளை வேண்டும் என்றேன்.
அது விதி. ஒருவனைத் தனியாக நிறுக்கக் கூடாது,
எதிர்த்தட்டில் இன்னொரு பிள்ளை இருக்கவேண்டும்.
"அஃப்ரின். சன்னலோரம். இருக்கிற எடமே தெரியாது."

காதுக்குள் பதினைந்து விநாடிக்கு ஒரு டிக்.
டிக் என்றால் பார்க்கவேண்டும்.
பார்த்ததும் கோடு போடவேண்டும்.
எழுந்தால் ஒரு கட்டம், கேட்காமல் பேசினால் ஒரு கட்டம்,
கவனம் பாடத்தில் இல்லையென்றால் ஒன்று.

கரும்பலகையில் பின்னம்.
முக்காலில் கால் போனால் மீதி என்ன?
சோலைராசு மூன்று முறை எழுந்தான்.
ஒருமுறை உருண்டுபோன ரப்பருக்காக
(ரப்பருக்கென்று தனிக் கட்டம் கிடையாது).
ஒருமுறை "அரை!" என்று கத்த.
சரியான விடைதான்,
கேள்வி முடியுமுன் வந்துவிட்டது. இரண்டு கோடு.
மூன்றாம் முறை எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை.
எழுந்த பிறகு சுற்றிப் பார்த்தான்,
யாரோ கூப்பிட்டதுபோல.

"மிஸ், ஆனை வால ஆட்டுச்சு!"

மொத்த வகுப்பும் சன்னலுக்குத் திரும்பியது.
யானைமலை அதே இடத்தில்
துதிக்கையை நீட்டிப் படுத்திருந்தது.
அந்த டிக்கில் நாற்பத்திரண்டு பேருக்கும் கோடு போட்டிருக்கலாம்.
எனக்கும்.

நேற்று அவன் அம்மா பஞ்சவர்ணத்திடம் போயிருந்தேன்.
மாட்டுத்தாவணியில் கத்தரிக்காய் தரம் பிரிக்கிறவர்.
பதினெட்டுக் கேள்வியையும் வாசித்தேன்.
ஒருபோதும் இல்லை, சில நேரம், அடிக்கடி, மிக அடிக்கடி.
"அடிக்கடின்னா எத்தன தடவ?"
பூஜ்யத்திலிருந்து மூன்று வரை, என்றேன்.
"அது மார்க்கு. நான் கேக்குறது தடவ."

எடைக்கல் இல்லாமல் மார்க்கெட்டுக்குப் போனவள் மாதிரி நின்றேன்.

அவரே கணக்குப் போட்டார்.
"ராத்திரி ரெண்டு மணிக்குக் கெளம்பிருவேன்.
திரும்பும்போது அவன் பள்ளிக்கூடத்துல.
அவன் வரும்போது நான் தூக்கத்துல.
ஆறுல இருந்து எட்டர வரைக்கும்தான் எங்க ரெண்டு பேருக்கும்.
அதுக்குள்ள நாலு தடவ தண்ணியக் கொட்டிருவான்.
நாலுன்னா சில நேரமா, அடிக்கடியா?"

பென்சிலால் 'அடிக்கடி' என்று குறித்தேன்.
அவர் கூடையை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:
"நாலும் வேணும்னு கொட்டல.
அத எங்க எழுதுவீங்க?"

மணி அடித்தது. எண்ணிப் பார்த்தேன்.
இருபது நிமிடம், எண்பது டிக்.
கவனம் பாடத்தில் இல்லை:
சோலைராசு முப்பத்தொன்று.
அஃப்ரின் நாற்பத்தேழு.

திரும்ப எண்ணினேன். நாற்பத்தேழுதான்.

அவள் எழவில்லை. பேசவில்லை.
நோட்டு திறந்திருந்தது, பென்சில் கையில் இருந்தது.
பக்கத்தின் உச்சியில் தேதி மட்டும்.
அதிலும் மாதம் பாதியில் நின்றிருந்தது.

"அஃப்ரினா? நல்ல பிள்ளையாச்சே," என்றார் டீச்சர்.
டஸ்டரைத் தட்டினார். இன்னொரு முறை தட்டினார்.
"ரெண்டு வருசமா பின்னம் மட்டும் வரலன்னு நெனச்சேன்."

அவளிடம் போய்க் குனிந்தேன்.
அவ்வளவு நேரம் என்ன பார்த்தாய்?
பதில் வர மூன்று டிக் ஆனது.
"அது வால் இல்ல மிஸ். ஆடு.
மூணு ஆடு. ரெண்டு எறங்கிருச்சு.
ஒண்ணுக்கு வழி தெரியல."

பையில் ஒரு படிவம் மிச்சமிருந்தது.
மேலே அவள் பெயரை எழுதினேன்.
முதல் கேள்வி:
நுணுக்கங்களைக் கவனிக்கத் தவறுகிறாரா?

பென்சிலை வைத்துவிட்டுச்
சன்னல் வழியே மலையைப் பார்த்தேன்.
வெகுநேரம் பார்த்தேன்.
எனக்கு ஓர் ஆடும் தெரியவில்லை.